பதின்மூன்றாவது சீட்

எங்கள் கம்பெனி வண்டிகளில் ஏழாம் நம்பர் என்னுடையது. ஆறு வருஷமாக ஷிப்டுக்கு ஆள் ஏற்றி இறக்குகிறேன். பயணிகளுக்குப் பதின்மூன்று சீட். பன்னிரண்டு வரை வேன், ஒன்று கூடினால் பஸ். பஸ்ஸுக்கு ஹெவி லைசென்ஸ் வேண்டும். எங்கள் ஷெட்டில் அது என்னிடம் மட்டும்தான் இருந்தது.

மேனேஜருக்கு ஒரு மச்சான். கார் லைசென்ஸோடு சும்மா திரிந்தான். மேனேஜர் கடைசி வரிசையில் ஒரு சீட்டைக் கழற்றி ஸ்டோரில் போட்டுவிட்டு, வண்டியின் வகையை மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீஸில் மனு கொடுத்தார்.

"இனிமே இது வேன். திங்கக்கிழமையிலேருந்து மச்சான் ஓட்டுவான். நீ வர வேண்டாம்."

"பதிமூணு பேர் வர்றாங்களே சார், ஒருத்தரை டயர்ல கட்டித் தொங்கவிடுவீங்களா?"

"சோதனை முடிஞ்சதும் சீட்டை மாட்டிக்கலாம். உன் வேலையப் பாரு."

அந்த வேலையைத்தானே பிடுங்கினார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சோதனை நாளன்று ஸ்டோருக்குப் போனேன். திருட்டுப் பட்டம் கட்டிவிடுவார்கள் என்று, நோட்டில் கையெழுத்துப் போட்டே சீட்டை எடுத்தேன். தலையில் வைத்துக்கொண்டு இரண்டு தெரு நடந்தேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும்.

ஆர்.டி.ஓ. மைதானத்தில் ஆய்வாளர் சீட்டுகளை எண்ணி முடித்து, கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்திருந்தார். நான் வண்டிக்கு முன்னால் சீட்டை இறக்கி, அதன்மேலேயே உட்கார்ந்தேன்.

"யாரும்மா நீங்க?"

"இந்த வண்டி டிரைவர் சார். இது பதிமூணாவது சீட்டு. கடைசி வரிசையில ரப்பர் ஷீட்டைத் தூக்கிப் பாருங்க."

"பைத்தியம் சார் இது," என்றார் மேனேஜர்.

ஆய்வாளர் காதில் வாங்காமல் உள்ளே ஏறினார். ஷீட்டுக்கு அடியில் நாலு ஓட்டைகள். மறுபடி மாட்டுவதற்கு வசதியாக நாலிலும் போல்ட்டைத் திருகியே விட்டிருந்தார்கள்.

மனுவின் குறுக்கே கோடு இழுத்தார். "இது பஸ்தான். யாரு ஓட்டிட்டு வந்தது?"

மச்சான் மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் வானத்தைப் பார்த்தார்.

"ஹெவி லைசென்ஸ் இருக்கிறவங்க வந்தாத்தான் வண்டி நகரும்."

அடுத்த ஷிப்டுக்கு அரை மணி நேரம்கூட இல்லை. மேனேஜர் என்னிடம் சாவியை நீட்டினார். நான் எழுந்திருக்கவே இல்லை.

"திங்கக்கிழமை யாரு சார் ஓட்டுறது?"

"நீதான்..." அவர் ஆய்வாளரை ஒரு பார்வை பார்த்தார். "நீங்கதான்."

"அப்ப முதல்ல சீட்டை மாட்டச் சொல்லுங்க. ஸ்பேனர் பிடிக்க லைசென்ஸ் வேண்டாம். உங்க மச்சானே மாட்டட்டும்."

நாலு போல்ட்டும் இறுகின. ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாவியை வாங்கினேன்.