குட்டன் தின்னாத நாள்

ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிவிட்டு ராஜையா வீடு வந்து சேர்ந்தால், காலைக் கடிக்க முதலில் ஓடிவருவது குட்டன்தான். கீரி மாதிரி நீண்ட உடம்பும் சாம்பல் மூஞ்சியும் உள்ள பெரெட் என்ற வெளிநாட்டு வளர்ப்புப் பிராணி அவன். மகள் அஜிஷா திருவனந்தபுரத்தில் ஒரு கடையில் ஆசைப்பட்டு வாங்கினாள். நர்சு வேலைக்கு அயர்லாந்து போகிறபோது, "அப்பா, இவன் தின்னாம இருந்தாலோ வெளிக்கிருக்காம இருந்தாலோ சும்மா விடப்பிடாது. இத்துனூண்டு வயிறாக்கும், தாங்காது," என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டி ஏறினாள்.

இன்று குட்டன் வரவில்லை. கூட்டில் வயிற்றைத் தரையோடு ஒட்டிப் படுத்துக் கிடந்தான். கோழி ஈரலை வைத்தால் மோந்துவிட்டு முகத்தைத் திருப்பினான். முன்னங்காலால் வாயைப் பிறாண்டினான். பல்லை நறநறவென்று கடித்தான். எச்சில் வடிந்தது. அவன் வெளிக்கிருக்கும் மணல் தட்டு சுத்தமாகக் கிடந்தது.

"ராத்திரியிலேருந்து இப்படியாக்கும்," என்றாள் மனைவி கிருபாபாய்.

ராஜையாவின் கண் அடுக்களை மூலையில் இருந்த வாளிக்குப் போனது. மழைக்கோள் கண்டு நேற்று அவர்தான் அதை உள்ளே கொண்டு வைத்தார். சிரட்டையிலும் மரப்பட்டையிலும் உறைந்துபோன ரப்பர் ஒட்டுப்பால் வாளி நிறைய. மேலே கிடந்த கட்டியில் சின்னச் சின்னப் பல்தடம். ஒரு ஓரத்தைக் காணோம்.

ரப்பர் வயிற்றுக்குள் கரையாது, குடலை அடைத்துக்கொண்டு நிற்கும். அடுத்த வீட்டு ஆட்டுக்குட்டி ஒன்று அப்படித்தான் போனது.

"ஏட்டி, நானே கொண்ணுட்டேனே!"

வேலிக்கு அந்தப்பக்கமிருந்து விலாசினி எட்டிப் பார்த்தாள். "கீரிக்கு என்னவாம்? கொஞ்சம் வெளக்கெண்ணெய ஊத்துங்க, எறங்கீரும்."

"அடைச்சுக் கிடந்தா எண்ணெய் எங்க எறங்கும்?" என்றபடியே ராஜையா ஆட்டோக்கார பினுவுக்குப் போன் போட்டார்.

குட்டனைத் துண்டில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டார். பினு திரும்பிப் பார்த்தான். "மாமா, பாரஸ்ட்டுகாரன் கண்டா கீரி கடத்துறதா பிடிச்சு உள்ள போடுவான்."

"எலே, ரோட்டப் பாத்து ஓட்டு."

மிருக ஆஸ்பத்திரி இருக்கும் பாறசாலை வரை பினு குழிகளை ஒதுக்கி ஒதுக்கி ஓட்டினான்.

மிருக டாக்டர் ஒரு இளம்பெண். வயிற்றை மெல்ல அமுக்கிப் பார்த்தாள். இளக்கமாகத்தான் இருந்தது. ஈறும் நல்ல சிவப்பு. பிறகு வாயைப் பிளந்து டார்ச் அடித்தாள். இடுக்கியை விட்டு ஒரு இழுப்பு. மேல் அண்ணத்தில் இருபக்கப் பல்லுக்கும் குறுக்கே இறுகிக் கிடந்த ரப்பர் துண்டு வெளியே வந்தது. குட்டன் நாக்கைச் சுழற்றினான். அடுத்த நொடி டாக்டரின் கையுறையைக் கடிக்கப் பாய்ந்தான்.

"பேடிக்கண்டா, பயப்படாதீங்க மாமா," என்று டாக்டர் சிரித்தாள். "வாய் அடைச்சதுகொண்டு தின்னேல. தின்னாதவன் எங்க வெளிக்கிருப்பான்? ஆனா கொஞ்சம் முழுங்கியும் இருப்பான். சூப்பு கொடுங்க. வாந்தி எடுத்தாலோ, சாயங்காலத்துக்குள்ள வெளிக்கிருக்கலேன்னாலோ உடனே கொண்டு வரணும்."

பாதி உயிர்தான் திரும்பி வந்தது ராஜையாவுக்கு. வீட்டுக்கு வந்ததும் குட்டன் கோழிச் சூப்பை நக்கி முடித்துத் தூங்கிப்போனான். ராஜையா மணல் தட்டுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கஞ்சி ஆறிப்போயிற்று. கிருபாபாய் பக்கத்தில் முட்டுப்போட்டு, "கர்த்தாவே, இந்த ஜீவனுக்கு வெளிக்குப் போகணுமே," என்று ஜெபித்தாள்.

"சபையில போயி இதச் சொல்லிராத. சிரிப்பாவ."

"சிரிக்கட்டு. வயித்தப் படைச்சவருக்கு இது தெரியாதா?"

வெயில் தாழும் நேரத்தில் குட்டன் எழுந்து சோம்பல் முறித்தான். பின்னோக்கி நடந்து தட்டின் மூலையில் போய் வாலைத் தூக்கினான். கிருபாபாய் குனிந்து எட்டிப் பார்த்தாள்.

"இஞ்ச பாருங்க, இருந்துட்டான்!"

ராஜையா ஈர்க்குச்சியால் கிளறினார். உளுந்தளவில் ஒரு ரப்பர்த் துணுக்கு அதில் இருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. படம் பிடித்து அஜிஷாவுக்கு அனுப்பினார்.

உடனே போன் அடித்தது. "அப்பா! நான் சோறு தின்னுட்டு இருக்கேன். என்னத்தயாக்கும் அனுப்பி வச்சிருக்கீங்க?"

"நல்லாப் பாரு மக்கா," என்றார் ராஜையா. "எவ்வளவு அழகா இருந்திருக்கான்!"