தென்மூலைக்குப் போகாத தட்டு

அகலப்பரப்புக் கேமராவைத் தொலைநோக்கியில் மாட்டுவதற்கு முன்னால், படத்தில் விழப்போகிற நட்சத்திரங்களை நேரில் போய் அழைத்துவிட்டு வருவது அந்த மலையின் வழக்கம். பழைய கேமரா ஒவ்வொருவராகத்தான் எடுக்கும், வம்பில்லை. புதியது கல்யாண வீட்டு குரூப் போட்டோ மாதிரி, வானத்தின் ஒரு பக்கத்தையே சேர்த்து எடுத்துவிடும். ஒருவர் விடுபட்டாலும் பேச்சுதான்.

லென்ஸைத் துடைப்பதும் கேமராவைக் குளிரவைப்பதும் ரெஜினா மேடத்தின் பொறுப்பு; பக்கத்தில் யாராவது வெட்கப்பட்டால்கூட அது சூடேறிவிடும். அழைக்கிற வேலை, பல வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பிய உலகநாதனுக்கு. வெற்றிலைத் தட்டோடு ஏணியில் ஏறிப் பிரகாசமானவர்கள் வீட்டுக்கெல்லாம் போனார். உட்கார்ந்து காபி குடித்தார். தென்மூலைக்குத் திரும்பும்போது கால் வலித்தது. அங்கே இருப்பதோ மங்கலான ஒரே நட்சத்திரம். கடைசியாகப் போன வீட்டில், "அங்க நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்" என்றுவிட்டு இறங்கிவிட்டார்.

சாயங்காலம் சோதனைப் படம் எடுத்தார்கள். தென்மூலையில் ஒரு வெற்றிடம்.

"இங்க யாரு வரணும்?" என்றார் ரெஜினா.

"மேகமா இருக்கும், மேடம்."

வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. உலகநாதன் வாசலுக்கு நழுவினார். அங்கே அந்த நட்சத்திரம் செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தது.

"உள்ள வாங்கம்மா."

"இருக்கட்டும், தம்பி. பெரிய இடத்துக்கெல்லாம் தட்டோட போனீங்களாமே. நமக்குச் சொல்லியனுப்பினாப் போதாதா? நான் ஒண்ணும் தப்பா நினைக்கல."

உலகநாதனின் காதுமடல் எரிந்தது.

"யாரு அங்க வெட்கப்படறது?" உள்ளேயிருந்து ரெஜினா கத்தினார். "கேமரா சூடேறுது! இப்படியே போனா இன்னைக்குப் படமே கிடையாது!"

உலகநாதன் கூனிக்குறுகி, ஓடிப்போய்த் தட்டை எடுத்துவந்து நீட்டினார். நட்சத்திரம் அதைத் தொடவில்லை.

"வர்றேன். ஆனா கூப்பிட்டவங்க என் பக்கத்துல வந்து நிக்கணும். நாலு பேர் பார்க்கட்டும்."

நியாயம்தான். இருவரும் ஏணியில் ஏறினார்கள். அவர் தூரம் போகப் போகக் கேமரா குளிர்ந்தது. தென்மூலையில் நட்சத்திரத்தின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்கள்.

"யாரும் அசையாதீங்க!" கீழிருந்து ரெஜினாவின் குரல் வந்தது.

பின்வரிசையில் கேலக்ஸிகள் முணுமுணுத்தன.

"இவரு யாரு?"

"தெரியலையே. கூப்பிடாம வந்த ஆள் மாதிரி இருக்கு."

வயதான கேலக்ஸி ஒன்று அவர் தோளைத் தட்டியது. "மறைக்குது, சார். கொஞ்சம் உட்காருங்க."

உலகநாதன் உட்கார்ந்தார்.