கவாலியேரே அன்செல்மோவின் மூக்கு

எங்கள் ஓவியப் பள்ளியில் எண்ணெய் வண்ணத்தில் முகம் வரைய ஒரே வழிதான் உண்டு. பத்தடி பின்னால் போ, தூரிகையைக் கை நீட்டிப் பிடி, ஒரு கண்ணை மூடி அள, ஓடி வந்து ஒரு தீற்றுத் தீட்டு. ஃப்ளாரன்ஸில் ஐந்நூறு வருஷமாக இப்படித்தான் என்பார் எங்கள் வாத்தியார் மாயெஸ்த்ரோ. கூடவே இருந்து பார்த்தவர் மாதிரி.

என்னோடு படிக்கும் தெல்ஃபினா சனிக்கிழமைக்குள் ஒரு முகத்தை முடித்தாக வேண்டும். இல்லையென்றால் இன்னொரு வருஷம் மூக்குடைந்த ரோமானியர்களின் சுண்ணாம்புத் தலைகளைத்தான் வரைய வேண்டும். பல் டாக்டர் வேலையை உதறிவிட்டு வந்தவள். மறுபடி சுண்ணாம்பு என்றால் பல்லுக்கே திரும்பிவிடுவேன் என்றாள்.

அவள் வரைவதற்காக மாடலாக உட்கார்ந்தவர் அன்செல்மோ. சுங்க இலாகாவில் ஓய்வு பெற்றவர். அரசாங்கம் கொடுத்த கவாலியேரே பட்டத்தைக் காப்பிக் கடையில்கூடக் கழற்றி வைக்காதவர். முதல் நாள் கன்னம் தொங்க, வரி கட்டாத பெட்டியைப் பார்ப்பது போல உட்கார்ந்திருந்தார். அற்புதமான முகம். மறுநாள் முகவாய் நிமிர்ந்தது. அதற்கு மறுநாள் மீசை கறுத்தது. கோட்டில் ஒரு வெள்ளை ரோஜா. தெல்ஃபினா நேற்றைய முகத்தைச் சுரண்டி எறிந்துவிட்டு இன்னும் கவனமாக அளந்தாள். அவள் அளக்க அளக்க அவருக்கு வயசு குறைந்தது.

இடைவேளையில் என் காதோரம் வந்தார். "சினியோரா, உங்க சிநேகிதியைக் கொஞ்சம் பொறுமையா இருக்கச் சொல்லுங்க. இத்தனை பேர் முன்னாடி கண்ணடிச்சா எப்படி? நீங்களும்தான். நான் ஒருத்தன் என்ன பண்ணுவேன்?"

ஓடிப்போய்ச் சொன்னேன். தெல்ஃபினா சிரித்த சிரிப்பில் எண்ணெய்க் கிண்ணம் கவிழ்ந்தது.

"உண்மையைச் சொல்லிடேன்டி" என்றேன்.

"கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டார்னா? இன்னிக்கு வெள்ளிக்கிழமை. வேற மூக்குக்கு நான் எங்கடி போவேன்?"

இரண்டு கண்ணையும் திறந்து வைத்து அளந்து பார்த்தாள். மூக்கு பேரிக்காய் ஆயிற்று.

அப்போதுதான் மாயெஸ்த்ரோ உள்ளே வந்தார். தொந்தியும் வெண்தாடியுமாகப் பின்னால் நகர்ந்தார், தூரிகையை நீட்டினார், கவாலியேரேயைப் பார்த்து ஒரு கண்ணை மூடினார்.

அன்செல்மோ நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "மாயெஸ்த்ரோ! எனக்குப் பேரன் இருக்கான்!"

"இருக்கட்டும். தெல்ஃபினா, மூக்கை ரெண்டு நூல் நீளமா போட்டிருக்கே. ஒத்தைக் கண்ணால அளன்னு எத்தனை தடவை சொல்றது?"

கவாலியேரே மெல்ல அறையைச் சுற்றிப் பார்த்தார். எங்கும் நீட்டிய தூரிகைகள், மூடிய ஒற்றைக் கண்கள். முதலில் அவர் மீசை இறங்கியது. பிறகு முகவாய். அப்புறம் கன்னங்கள் இரண்டும் தத்தம் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தன.

"அசையாதீங்க!" என்று அலறினாள் தெல்ஃபினா. பின்னால் ஓடினாள், முன்னால் ஓடினாள், கண்ணை மூடினாள், திறந்தாள், தீட்டினாள். சாயங்காலம் அவள் தலைமுடியில்கூட முகம் இருந்தது.

சனிக்கிழமை படம் சுவரேறியது, தெல்ஃபினா தேறினாள்.

"அடடா, கண்ணுல என்ன ஒரு சிந்தனை!" என்று உருகினாள், பார்க்க வந்த ஒரு சீமாட்டி.

படத்துக்குப் பக்கத்திலேயே நின்றிருந்த கவாலியேரே தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அப்போ நாட்டோட கதியை யோசிச்சுக்கிட்டிருந்தேன், சினியோரா."