முன்னறையில் விழுந்த பள்ளத்தாக்கு

செவன் கிங்ஸ் என்ற குளிர் ஊரில் அருள்நேசனின் வீட்டு முன்னறையில் பள்ளத்தாக்கு விழுந்தது தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில். காரணத்தில் மர்மம் எதுவும் இல்லை. தொட்டியில் நின்ற கறிவேப்பிலை குளிரில் பட்டுவிடக்கூடாதென்று மார்கழி முழுக்க வீட்டைச் சூடாக்கும் ஹீற்றிங்கை இரவுபகலாக ஓடவிட்டிருந்தார்கள். முதலில் கம்பளம் வெளிறி மணலானது, பிறகு பாறை தெரிந்தது, பிறகு பாறை பிளந்தது. வெடிப்புகளில் சாம்பல்பச்சைப் புதர்கள் முளைத்தன. அவை ஒன்றோடொன்று ஒட்டவில்லை. காணி வழக்கில் முறித்துக்கொண்ட சகோதரர்களைப் போல, நடுவே வெறுங்கல்லை விட்டுத் தள்ளித் தள்ளியே நின்றன.

பிளந்த நேரம் அருள்நேசன் வாசல் பக்கம் நின்றார். மனைவி டொலறஸ் அடுப்படியில், குசினிப் பக்கம். அவளுடைய நெஞ்சு வருத்தக் குளிசை, அப்போதுதான் பார்மசியில் வாங்கி வந்தது, அவர் கையில் இருந்தது. எறிந்து பார்க்கத் துணிவில்லை. பின் ஒழுங்கையால் சுற்றிப் போனார். பின்கதவும் இந்தக் கரையிலேயே திறந்தது.

பக்கத்து வீட்டு ஜீவரத்தினம், பிரான்ஸிலிருந்து வந்து பிளம்பிங் செய்பவர், எட்டிப் பார்த்தார்.

“ஹீற்றிங்கை நிப்பாட்டுங்கோ அண்ணை.”

“நிப்பாட்டினால் கறிவேப்பிலை செத்துப்போம். பிறகு அவளுக்கு ஆர் மறுமொழி சொல்லுறது? நீர் சொல்லுவீரோ?”

ஜீவரத்தினம் வீட்டுக்குப் போய்விட்டார்.

மத்தியானம் செபம் சொல்ல வந்த செபக்கூட்டத்துப் பெண்களுக்குப் புதர்களைப் பார்க்கப் பொறுக்கவில்லை. “பாவங்கள், காய்ஞ்செல்லே கிடக்குதுகள்” என்று பியற்றிஸ் வாளியோடு வந்தாள். மற்றவர்களும் தூக்கி வந்து ஊற்றினார்கள். தண்ணீர் வெள்ளமாகப் பாய்ந்து அடியை அரித்தது. பள்ளம் இன்னும் ஆழமாகி அகன்றது. மாலையில் டொலறஸ் பெருவிரல் அளவுதான் தெரிந்தாள். அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்துவது தெரிந்தது. அவளுடைய இருமல் சத்தம் பிந்தித்தான் வந்து சேர்ந்தது.

அருள்நேசன் குளிசையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு இறங்கினார். முதல் முள்ளுக்கே “மாதாவே” என்றார்.

அக்கரையிலிருந்து குரல் வந்தது. “இஞ்சாருங்கோ! சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாங்கோ!”

அவர் நம்பவில்லை. அம்புலன்ஸ்காரரையே வாசலில் காலணியைக் கழற்ற வைத்தவள் அவள்.

“வீட்டுக்குள்ளேயோ?”

“ஓம், வீட்டுக்குள்ளதான்! கெதியா வாங்கோப்பா!”

ஏறிப் போய்ப் போட்டுக்கொண்டு, திரும்ப இறங்கி, விளக்கேற்றும் நேரம் அக்கரை சேர்ந்தார். அவள் குளிசையை விழுங்கினாள். சேறு அப்பிய சப்பாத்தைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் நடந்தவற்றில் இதைத்தான் பியற்றிஸ் இன்றுவரை நம்ப மறுக்கிறாள்.

பள்ளத்தாக்கு அப்படியே இருக்கிறது. ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு அழைக்கப்பட்டவர்கள் பூசை முடிந்த கையோடு இறங்கத் தொடங்கினால், சோறு ஆறுமுன் போய்ச் சேரலாம்.