மணிக்கு முன்னால் உருண்ட கல்

என்னை நல்லவள் என்று சொல்லாத வாய் இந்த ஊரில் இல்லை. கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசுகிறது. கை உடைந்த கிரெசென்ஸ் அக்காவின் மாட்டில் ஒரு வருடமாக நான்தான் பால் கறந்து, சாணி அள்ளிப் போடுகிறேன்; அதைப் பார்த்துச் சொல்கிறார்கள். அந்தக் கை எப்படி உடைந்தது என்று தெரிந்தால் முகத்தில் காறித் துப்புவார்கள்.

போன வருடம், யாகப்பர் திருநாளுக்கு மறுநாள். அன்றுதான் மேலே பாறைச் சரிவுகளில் புல்லறுப்புக்குத் திறப்பு. அந்தப் புல் யாருக்கும் சொந்தமில்லை. காலையில் கோயில் மணி அடித்த பிறகு யார் முதலில் சுற்றி ஒரு வரி அறுத்துவிடுகிறார்களோ, அந்த வரிக்குள் நிற்பதெல்லாம் அவர்களுக்கு. மணிக்கு முன்னால் அரிவாள் வைத்தவர்களுக்கு இரண்டு வருடம் ஒரு பிடிப் புல்கூடக் கிடையாது. கீழே எங்களுக்கு இருப்பது கையகல நிலம். மேலே புல் கிடைக்காவிட்டால், பனி விழுமுன் இரண்டு மாட்டில் ஒன்றைக் கசாப்புக்குத் தள்ள வேண்டியதுதான்.

என் வீட்டுக்காரர் அம்ப்ரோசுக்கு முழங்கால் வீங்கிக் கிடந்தது. "நீயே போ செஃபா. இந்தத் தடவையும் கிரெசென்ஸ் முந்திக்கிட்டான்னா வீட்டுக்கு வராத, மேலயே மேஞ்சுக்கோ" என்று சிரித்தார். நல்ல சரிவை நான்கு வருடமாக அவள்தான் பிடித்து வைத்திருந்தாள். விதவை, ஒண்டி ஆள், என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அதனாலேயே எனக்கு இன்னும் வயிறு எரிந்தது.

விடியும்போதே ஏறிவிட்டேன். ஒரே பனிமூட்டம். யார் கண்ணிலும் பட மாட்டேன் என்ற தைரியத்தில், சரிவில் வழுக்காமலிருக்கக் காலில் இரும்பு முள்ளைக் கட்டிக்கொண்டு, மணிக்குக் காத்திராமல் சரிவின் மேல் ஓரத்தில் அறுக்க ஆரம்பித்தேன். பாதி வரிகூட முடிந்திருக்காது. என் காலடியிலிருந்து பானை அளவுக் கல் ஒன்று பெயர்ந்து உருண்டது.

கல் உருண்டால் கத்த வேண்டும். நடக்கத் தெரிந்த பிள்ளைக்குக்கூட இங்கே இது தெரியும். கீழே ஆள் இருக்கிறதா என்றெல்லாம் யோசிக்கக் கூடாது. பகையாளியாக இருந்தாலும் கத்துவோம். நானும் வாயைத் திறந்தேன். மணி இன்னும் அடிக்கவில்லை என்பது அந்த நேரம் பார்த்தா ஞாபகம் வர வேண்டும்! கத்தினால் மாட்டிக்கொள்வேன். பாவி, கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

கீழே அலறல் கேட்டது. அதற்கப்புறம்தான் மணி அடித்தது.

முதலில் ஓடியது நான்தான். வலது மணிக்கட்டு நசுங்கிக் கிடந்தவளை முதுகில் சுமந்து இறக்கியதும் நான்தான். ஊர்த் தலைவர் எல்லாரையும் நிறுத்திக் கேட்டார்.

"மணிக்கு முன்னாடி மேல யாராச்சும் இருந்தீங்களா?"

எல்லாரும் இல்லை என்றார்கள். நானும் இல்லை என்றேன்.

"அப்ப காட்டாடுதான் தட்டி விட்டிருக்கும். சரி, இன்னைக்கு யாருக்கும் அறுக்க மனசு வராது. அந்தச் சரிவ அவளைச் சுமந்து வந்த செஃபாவே அறுத்துக்கட்டும்."

அறுத்தேன். பாதிப் புல்லை அவளுக்குக் கொடுத்தேன். மீதிப் பாதியை என் மாடுகள் தின்னும்போது கொட்டிலில் நிற்க முடியாமல் வெளியே வந்துவிடுவேன்.

நாளைக்கு மறுபடி திறப்பு. இன்று மாலை பால் கறந்துவிட்டு உள்ளே போனால், அக்கா அரிவாள் பிடியை வலது கையால் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். விரல் மடங்கவில்லை. நழுவ நழுவ எடுத்துப் பிடிக்கிறாள்.

"நாளைக்குப் பாத்துப் போடி. அந்த ஆட்டுக்கு என் மேல என்ன கோவமோ, உன்னையும் குறி வெக்கப் போவுது" என்று சிரித்தாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அக்கா, அது ஆடு இல்ல. நான்தான். திருட்டுத்தனமா அறுத்துட்டிருந்தேன். கல்லப் பாத்தும் கத்தல. மாட்டிக்குவேன்னு கத்தல. காலைல ஊருக்கு முன்னாடியும் சொல்லிடறேன்."

அவள் அரிவாளைக் கீழே வைத்தாள்.

"அப்ப என் காது சரியாத்தான் இருந்திருக்கு. அன்னைக்கு மேல அரிவாள் தீட்டற சத்தம் கேட்டுச்சு. ஊரே ஆடுன்னு சொல்லவும், எனக்குத்தான் மண்டை கலங்கிடுச்சோன்னு விட்டுட்டேன்."

"கல்லு வர்ற சத்தம் கேக்கலையா அக்கா?"

"கேட்டுச்சு. குனிஞ்சு கால்ல முள்ளு கட்டிட்டிருந்தேன், நிமிரக்கூட இல்ல. மேல நம்ம ஆளு இருக்கு, கத்துவாங்க, அப்ப நகந்துக்கலாம்னு இருந்துட்டேன். ஆடுன்னு நெனச்சிருந்தா நகந்திருப்பேன்டி."