மரியாதை வரிசை

கவுனின் ஜிப் பாதி முதுகில் சிக்கிக்கொண்டு நின்றது. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த வெர்னெட்டாவிடம், திரும்பிப் பார்க்காமலே மகள் ஷனீஸ் சொன்னாள்.

"விடும்மா. நான் போகல."

"மூச்சை உள்ள இழுடீ."

"அந்தாளு கையால நான் எதையும் வாங்கமாட்டேன்."

"மூச்சை இழுன்னேன்ல."

ஜிப் ஏறிவிட்டது. வெர்னெட்டா மகளின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். பள்ளிக்கூட பஸ்ஸின் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்து உரமேறிய கை. பிடித்தால் பிடித்ததுதான்.

"சட்டப் படிப்பு இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருக்கு. இந்த உதவி வரலேன்னா நீயும் எங்கூட பஸ்ஸுதான் ஓட்டணும். ஒரு பிள்ளைய மண்ணுல வெச்சாச்சு. இன்னொண்ண வீம்புக்குப் பலி குடுக்க எனக்குத் தெம்பு இல்ல."

"டெரல் பேரைக்கூடச் சொல்லக் கூடாதாம்மா. என் தம்பி பேரை நான் சொல்லக் கூடாதாம்."

"வீட்ல சொல்லு. நாள் பூரா சொல்லு. அங்க வேணாம்."

ஷனீஸ் கண்ணாடியைப் பார்த்துக் காதணியை மாட்டினாள். மாட்டிய விதத்தில் காது கிழியாமல் இருந்ததே பெரிது.

டெரல் சாகும்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. வண்டியின் பின்விளக்கு எரியாததற்கு ஓர் அபராதம், அந்த அபராதத்துக்கு ஒரு வாய்தா, அந்த வாய்தாவுக்கு அவன் போகவில்லை. இவ்வளவுதான் குற்றம். பிடித்துக்கொண்டு போய் மறுநாள் காலை நீதிபதி ஹோரஸ் விட்லோவின் முன்னால் நிறுத்தினார்கள். நீதிபதி சொன்ன, தன்னால் கட்டவே முடியாத ஜாமீன் தொகையைக் கேட்டு வெர்னெட்டா எழுந்துவிட்டாள்.

"ஐயா, பிள்ளைக்கு ஆஸ்துமா இருக்கு. கொஞ்சம் பாத்து..."

நீதிபதி நிமிரவில்லை. "சிறையில டாக்டர் இருக்காரு. நம்ம பிள்ளைங்கள நாமதான் கண்டிக்கணும்" என்று பொதுவாகக் காற்றுக்குச் சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். சிறை டாக்டர் வாரத்துக்கு ஒருமுறை வருகிறவர். அவர் வருகிற கிழமைக்குள் டெரலின் மூச்சு நின்றுவிட்டது.

'நம்ம' என்றார் பாருங்கள், அதில் பொய் இல்லை. விட்லோவும் நம் கறுப்பு நிறம்தான். அவர் நீதிபதியான ஞாயிற்றுக்கிழமை வெர்னெட்டாவின் சர்ச்சில் கேக் வெட்டினார்கள். அவளும் ஒரு துண்டு தின்றிருந்தாள்.

இந்த வருஷம் கறுப்பினச் சட்ட மாணவர் சங்கம் உதவித்தொகை விருந்தில் 'வழிகாட்டும் விளக்கு' என்ற பட்டத்தை அந்த விட்லோவுக்குத்தான் தருகிறது. உதவித்தொகை பெறுகிறவள் ஷனீஸ். அதைக் கொடுப்பவர் விளக்கு. அப்படித்தான் வழக்கம்.

விழாத் தலைவி அட்டர்னி கிளாடின் மேபரி. நம் ஜனங்களில் ஒருவர் வக்கீலாகிவிட்டால் அட்டர்னி என்பது பெயரோடு ஒட்டிப் பிறந்ததாகிவிடும். மேபரியின் கணவரும் அவரை அப்படித்தான் சாப்பிடக் கூப்பிடுவதாகக் கேள்வி. ஷனீஸின் பேச்சை முன்கூட்டியே வாங்கித் திருத்தியவர் அவர். வறுமை இருக்கலாம், அது பணப்பையைத் திறக்கும். பஸ் ஓட்டும் தாய் கட்டாயம் வேண்டும். அதை இன்னோர் இடத்திலும் சேர்த்தார். செத்துப்போன தம்பிகூட இருக்கலாம், தெருச்சண்டையில் குண்டு பட்டுச் செத்திருந்தால். ஆனால் விருந்துக்கு வரப்போகிற ஒருவரால் செத்திருக்கக் கூடாது.

"கண்ணு, இது கொண்டாடற நேரம். நீதிபதி ஐயா சாப்பிடற எடத்துல அவர் மனசு நோகலாமா?" என்று ஷனீஸின் கன்னத்தைத் தட்டினார்.

ஓட்டல் மண்டபத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. கல்லூரி நாளில் ஒரே சகோதரச் சங்கத்தில் இருந்த கிழவர்கள், ஒருவரையொருவர் கண்டதும் அந்தச் சங்க வழக்கப்படி நாய்போலக் குரைத்துக் கட்டிக்கொண்டார்கள். காலையில் மேல்முறையீட்டு மன்றத்தில் தொண்டை கனைத்துப் பேசிய அதே தொண்டைகள். கோழிக்கறி வழக்கம்போல் வறண்டிருந்தது. வழக்கம்போல் எல்லோரும் பிரமாதம் என்றார்கள்.

மேபரி வெர்னெட்டாவின் முழங்கையைப் பிடித்து நீதிபதியிடம் இழுத்துப்போனார். பின்னால் ஷனீஸ் வந்தாள்.

விட்லோ எழுந்து இரண்டு கைகளாலும் வெர்னெட்டாவின் கையைப் பொத்திக்கொண்டார். வெதுவெதுப்பான, பூப்போன்ற கை. அவர் முகத்தில் ஏதாவது ஒரு நிழல் ஓடுகிறதா என்று அவள் பார்த்தாள். கண்டுகொள்வார் என்று பயந்துதான் வந்திருந்தாள். கண்டுகொள்ளவே இல்லை என்பதற்கு அவள் தயாராக வரவில்லை.

"தாய்னா இப்படி இருக்கணும் சிஸ்டர்! உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"ரெண்டுங்க."

"இன்னொருத்தர் என்ன பண்றாரு?"

மேபரியின் விரல்கள் முழங்கையில் இறுகின. வெர்னெட்டா மகளைப் பார்க்காமல் சொன்னாள். "பையன்தாங்க. வெளியூர்ல இருக்கான்."

"பேஷ்! தெருவுல சுத்த விடாம இருக்கீங்களே, அதுவே பெருசு."

மேசைக்குத் திரும்பியதும் ஷனீஸ் கைதுடைக்கும் துணியால் வாயை மூடிக்கொண்டு கேட்டாள். "வெளியூராம்மா?"

"வேற என்னடீ சொல்றது?"

"என்னைச் சொல்ல வேணாம்ன. சரி. நீயாவது சும்மா இருந்திருக்கலாமே. அவனை ஏம்மா இல்லாத ஊருக்கு அனுப்பின?"

வெர்னெட்டா தட்டில் இருந்த பீன்ஸை முள்கரண்டியால் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளினாள். அவனைப் புதைத்த நாளில்கூட அவள் அவனைப் பற்றிப் பொய் சொன்னதில்லை.

பேச்சுகள் தொடங்கின. நம் ஜனங்களில் மேடை ஏறுகிற யாரும் நேராக விஷயத்துக்கு வந்துவிட மாட்டார்கள். முதலில் மரியாதை வரிசை. ஆண்டவருக்கு மரியாதை, பிஷப்புக்கு மரியாதை, பிஷப்பின் மனைவிக்கு, நீதிபதிகளுக்கு, நகரசபைக்கு என்று படியிறங்கி வரவேண்டும். பெயர் சொல்லப்பட்டவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து தலையசைப்பார், கூட்டம் கைதட்டும். முந்தைய விழாவில் சவ அடக்க நிலையம் நடத்தும் பெரியவர் ஒருவரின் பெயர் விட்டுப்போய், அவர் இனிப்பு வருமுன் தன் மேசைக்காரர்கள் அத்தனை பேரையும் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அதிலிருந்து, விழாவைத் தொகுத்து வழங்கும் அட்டர்னி டில்லார்டுக்கு விடுபட்ட பெயர் என்றால் பெரும் பயம்.

ஷனீஸ் பேசினாள். திருத்திக் கொடுத்ததை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். பஸ் இரண்டு இடத்திலும் வந்தது. இரண்டு இடத்திலும் கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. விட்லோ உதவித்தொகைப் பத்திரத்தை நீட்டினார். அவள் வாங்கினாள். அவர் கையைக் குலுக்கினாள். புகைப்படத்துக்குச் சிரிக்கவும் செய்தாள். வெர்னெட்டாவுக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. அது அவள் கேட்டு வாங்கிய சிரிப்பு.

"இப்போ தாய்க்குப் பூ!" என்றார் டில்லார்ட்.

வெர்னெட்டா மேடையேறினாள். விட்லோ ஆர்க்கிட் பூவை அவள் தோளருகே குத்தினார். குத்தும்போது, "நெருடுதா சிஸ்டர்?" என்று அன்பாகக் கேட்டார். "இல்லீங்க" என்றாள். மைக்கை அவள் வாய்க்கு நேரே திருப்பி, இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னார்கள்.

நன்றி சொல்லிவிட்டு இறங்கத்தான் நினைத்தாள். ஆனால் வாழ்நாளெல்லாம் சர்ச்சில் பேசிய நாக்கு, தானாக வரிசையைப் பிடித்துக்கொண்டது.

"என் வாழ்க்கைக்குத் தலைவரான ஆண்டவருக்கு மரியாதை."

"ஆமென்!"

"பிஷப் ஹண்ட்லி ஐயாவுக்கும் அம்மாவுக்கும் மரியாதை."

கைதட்டல். பிஷப்பின் மனைவியின் தொப்பி பாதி எழுந்து அமர்ந்தது.

"அட்டர்னி மேபரிக்கு மரியாதை. நீதிபதி விட்லோ ஐயாவுக்கு மரியாதை."

நீண்ட கைதட்டல். அது அடங்கக் காத்திருந்தாள். அடங்கிய பிறகு நன்றி என்ற சொல் வரவில்லை. கீழே ஷனீஸ் பத்திரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியூருக்கு அனுப்பியவனை அவளேதான் திரும்ப அழைக்க வேண்டும்.

"டெரல் ஆண்டனி பர்னெலுக்கு மரியாதை" என்றாள் வெர்னெட்டா.

ஷனீஸ் நிமிர்ந்தாள். மேபரியின் முகம் பால் திரிந்ததுபோல் ஆயிற்று. கூட்டம் கைதட்டியது. ஏன் தட்டாது? அந்த ராகத்தில் மளிகைக் கடைச் சாமான்களை வாசித்தாலும் தட்டும் கூட்டம் அது. வெர்னெட்டாவின் பக்கத்திலேயே நின்ற விட்லோதான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். தட்டிக்கொண்டே, எழுந்து தலையசைக்கப் போகிற பெரிய மனிதர் யாரென்று மேசை மேசையாகத் தேடினார்.

யாரும் எழவில்லை. டில்லார்டுக்கு வியர்த்துவிட்டது. இன்னொரு மைக்கைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் ஓடிவந்தார்.

"மன்னிக்கணும், பெரியவங்க மன்னிக்கணும்! நம்ம வரிசையில ஒரு பேரு விட்டுப்போச்சு. மாண்புமிகு டெரல் பர்னெல் அவர்கள் எங்க இருந்தாலும் எழுந்து நிக்கணும். முன்னால எடம் போடறோம். இன்னும் கொஞ்சம் பலமா தட்டுங்கப்பா!"

தட்டினார்கள்.

"கோவிச்சுக்கிட்டாரு போல" என்றது ஒரு முன்மேசை.

"வராமலா இருப்பாரு? நான் வாசல்ல பாத்தேனே" என்றது இன்னொன்று.

விட்லோ வெர்னெட்டாவின் பக்கம் குனிந்தார். "பர்னெலா? எந்தக் கோர்ட்டு சிஸ்டர்?"

"உங்க கோர்ட்டுக்குத்தாங்க வந்தான். ஒரு தடவை."

ஒருவரைத் தெரியாது என்று ஒத்துக்கொண்டு பழகிய மனிதர் அல்ல அவர். முகம் மலர்ந்துவிட்டது. "அடடே, நம்ம பர்னெல்! ஆமா ஆமா. தங்கமான பையனாச்சே! ஒரு நாளைக்கு என்னை வந்து பாக்கச் சொல்லுங்க."

வெர்னெட்டா அவரைப் பார்த்தாள். இத்தனை வருஷம் இரவெல்லாம் இந்த மனிதரோடு மனதுக்குள் சண்டை போட்டிருக்கிறாள். அந்தச் சண்டையில் அவர் ஒருநாளும் இருந்ததே இல்லை என்பது இப்போதுதான் தெரிந்தது.

"அவனால வர முடியாதுங்க." மைக் இன்னும் அவள் வாய்க்கு நேரேதான் இருந்தது. குரலை அவள் உயர்த்தவில்லை. "நீங்கதான் போய்ப் பாக்கணும். மவுண்ட் பிஸ்கா கல்லறைத் தோட்டம், மேக்கு வேலி ஓரம். நீங்க உள்ள அனுப்பின அந்த வாரத்துலேர்ந்து அங்கதான் இருக்கான். கல்லு இன்னும் வைக்கல. பேரைச் சொல்லிக் கேளுங்க, காட்டுவாங்க."

முன்மேசைகளில் கைகள் ஒவ்வொன்றாக மடியில் இறங்கின. விட்லோவின் கைகள் மட்டும் தட்டுவதற்கு விரித்தபடி அந்தரத்தில் நின்றன. ஷனீஸ் பத்திரத்தை மேசைமேல் வைத்துவிட்டு மேடைப்படி ஏறி வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள்.

ஒலிபெருக்கி சரியாக எட்டாத பின்மேசைக்காரர்கள் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வெக்கப்படாதீங்க ஐயா, எந்திரிங்க!" என்று அங்கிருந்து ஒரு குரல் ஆசையாகக் கூவியது.