கன்னம் படும் இடம்

ஃப்ரீசர் பெட்டிக்கு இடம் பண்ண அப்பாவின் ஏர் ரைஃபிளை ஹாலிலிருந்து நகர்த்திய உதயா, அதன் கட்டையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டை நகத்தால் சுரண்டி எறிந்தான். குளியலறைக் கண்ணாடி, பீரோ கதவு போதாதென்று அம்மா துப்பாக்கியையும் விட்டுவைக்கவில்லை. நாலு பேர் வருகிற நாள், வீடு ஒழுங்காக இருக்க வேண்டாமா? விடியற்காலை தூக்கத்திலேயே அப்பா போனதிலிருந்து, ஒரே மகன் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

அதுவும் அரை மணி நேரம்கூட நிலைக்கவில்லை. அப்பாவோடு ரைஃபிள் கிளப்புக்குப் போகிற அப்துல் ரசாக் மாலை போட்டுவிட்டு உள்ளறைக்கு வந்தார். கட்டில்மேல் கிடந்த துப்பாக்கியைத் தடவினார்.

"இதுல ஒரு பொட்டு இருக்குமே தம்பி?"

கன்னம் எப்போதும் அந்தப் பொட்டின்மேல்தான் படவேண்டுமாம். கொஞ்சம் தள்ளினாலும் மேலே பூட்டியிருக்கும் குறிபார்க்கிற ஸ்கோப்புக்குள் கறுப்பு வந்து பாதியை விழுங்கிவிடுமாம்.

போன பொங்கலுக்கு அந்த ஸ்கோப்பைப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பொறுக்கியெடுத்து, யூடியூப் பார்த்துப் பூட்டிக் கொடுத்த மேதை உதயாதான். பிரமாதம் என்றார் அப்பா. அதற்குப்பின் கீழ்க்கட்டளை வீட்டுக்கு ஒரு போட்டிக் கோப்பைகூட வரவில்லை. வயசாச்சு என்று சிரித்துக்கொள்வார்.

"அப்பாவுக்கு அதுல ஒழுங்கா தெரிஞ்சுதா பாய்?"

"உங்கப்பா மாதிரி மனுஷன் கெடைக்க மாட்டாரு தம்பி" என்று கண்ணைத் துடைத்தபடி ரசாக் வெளியே போய்விட்டார்.

அக்கா தமிழினியிடம் கேட்டான். இப்ப இதுவாடா முக்கியம் என்றாள். தானே பார்த்துவிடலாம் என்று ஜன்னலோரம் துப்பாக்கியைத் தூக்கினான். இடப்பக்கம் கறுப்பு. தலையை நகர்த்தினால் வலப்பக்கம் கறுப்பு. ஒரு நொடி எல்லாம் தெளிந்தபோது, நட்டநடுவில் ஷாமியானா கட்டுகிறவர் கயிற்றோடு இரு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார்.

பிறகு ஹாலில் முட்டிபோட்டு, பெட்டிக்கடியில் பொட்டைத் தேடினான். பெரியப்பா ஓடிவந்து, மனச விட்டுடாதடா என்று அவனைத் தூக்கி நாற்காலியில் உட்கார்த்தினார். இரண்டு முறை.

சேலை மாற்ற அம்மா உள்ளே வந்தபோது கதவருகே நின்று பிடித்துக்கொண்டான்.

"ம்மா, அந்தப் பொட்ட நான் எடுத்துட்டேன். எங்க இருந்துச்சுன்னு தெரியல."

அம்மா கட்டில்மேல் கிடந்த துப்பாக்கியைப் பார்த்தாள்.

"அப்பாவுக்கு அதுல தெரிஞ்சுதா? யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க."

வெளியே பெண்கள் அவளைக் கூப்பிட்டார்கள். அவள் கட்டிலில் உட்கார்ந்து கட்டையை விரலால் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினாள். நெற்றியிலிருந்த பொட்டை எடுத்து அங்கே வைத்து, கட்டைவிரலால் அழுத்தினாள்.

"அவருக்குச் சரியா தெரியலடா. நீ ரொம்ப முன்னால தள்ளிப் பூட்டிட்ட. கழுத்த நீட்டி இங்க கன்னத்த வச்சாத்தான் கொஞ்சமாவது தெரியும்பாரு. கழட்டி சரியா மாட்டுங்கன்னேன். புள்ள மாட்டுனது, இருக்கட்டும்னுட்டாரு."